ஞானேஸ்வரன் பலெர்மோவுக்குக் காரில் போனார்

பலெர்மோவிலிருந்து பிரீத்தாவின் குரல் செய்தி வந்தபோது ஞானேஸ்வரன் லண்டனில், நோர்பரி வீட்டுச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சக்கர நாற்காலியின் உயரத்துக்கு ஏற்றபடி சுவரோரமாக ஒரு மேசையைத் தாழ்வாகப் பொருத்தியிருந்தார்கள். வெட்டுவதும் உரிப்பதும் அந்த மேசையில் அவருடைய வேலை. கை முழுக்க வெங்காயச் சாறு. அதனால் மனைவி ஜெயகௌரிதான் போனை அழுத்தினார்.

“ஞானம் பெரியப்பா, கலியாணத்துக்கு நாள் வைச்சாச்சு. ஒக்டோபர் முப்பத்தொண்டு, வெள்ளிக்கிழமை. உங்களால வர ஏலாதெண்டு எனக்குத் தெரியும். நான் வீடியோ கோல் போடுறன். சேர்ச்சில முன்வரிசையில போனை வைச்சுவிடச் சொல்லுறன். நீங்கள் கட்டாயம் பாக்கோணும், என்ன?”

செய்தி முடிந்தது. ஞானேஸ்வரன் கையைத் துடைத்தார். போனை வாங்கி ஒரே ஒரு சொல் பேசி அனுப்பினார்.

“வாறன்.”

ஜெயகௌரி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார். “எப்பிடிப் போகப்போறியள்?”

“காரில.”

ஞானேஸ்வரன் இருபத்து நாலு வயதில், 1992இல், சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் போய் இறங்கியவர். அங்கே முதல் நாள் இரவு படுக்க இடம் கொடுத்தவர் ஊர்காவற்றுறையைச் சேர்ந்த செபமாலைமுத்து. ஒரு நாள் என்று தொடங்கியது ஐந்து வருடமாயிற்று. பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. ஒன்றில் செபமாலைமுத்துவும் மனைவி லூர்தம்மாவும், மற்றதில் ஞானேஸ்வரன். அவர்களுக்கு மகள் பிரீத்தா பிறந்த பிறகு அந்த வீட்டில் ஒரு ஒழுங்கு உண்டானது. விடியற்காலை ஐந்து மணிக்குத் தாயும் தகப்பனும் வீடுகள் துப்புரவாக்கப் போய்விடுவார்கள். ஞானேஸ்வரனுக்கு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை மாலையில்தான். ஆகவே காலையெல்லாம் குழந்தை அவருடையது. பால் கரைத்தார், உடுப்பு மாற்றினார், சந்தைக்குள் தோளில் வைத்துக்கொண்டு திரிந்தார். மீன்காரர்கள் அவரைப் பிள்ளையின் தகப்பன் என்றே நினைத்திருந்தார்கள். அவர் திருத்தவில்லை.

பிறகு ஜெயகௌரி ஊரிலிருந்து வந்தார், கல்யாணம் நடந்தது, மகள் கீர்த்திகா பிறந்தாள். அங்கேயே ஒரு மின்வேலைக்காரரிடம் தொழில் பழகிய ஞானேஸ்வரன், இத்தாலிய பாஸ்போர்ட் கிடைத்ததும் 2005இல் குடும்பத்தோடு லண்டன் வந்தார். டூட்டிங்கில் இருந்து வால்தம்ஸ்டோ வரை தமிழ்க் கடைகள் பலவற்றுக்கு வயரிங் செய்தது அவர்தான். 2017இல் வால்தம்ஸ்டோவில் ஒரு கடையின் கூரைக்குள் விளக்குப் பொருத்திக்கொண்டிருந்தபோது ஏணி சறுக்கியது. முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பி வரவேயில்லை.

எட்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தவர் முதலில் கேட்டது கார். கைகளால் மட்டும் ஓட்டும் கார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு இரும்புப் பிடி. தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். ஸ்டியரிங்கில் சுழற்றுவதற்கு ஒரு குமிழ். மூன்று மாதத்தில் அவர் தனியாக நோர்பரியிலிருந்து டூட்டிங்குக்கு ஓட்டிப்போய் மீன் வாங்கி வந்தார்.

ஆனால் விமானம் அவருக்கு ஆகாமல் போனது. 2022இல் சூரிச்சில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது, சரக்கறையில் ஏற்றிய அவருடைய நாற்காலி சட்டம் வளைந்து வந்து சேர்ந்தது. விமான நிலையத்தில் கொடுத்த கடினமான நாற்காலியில் ஆறு மணித்தியாலம் இருந்தார். வலி தெரியாத உடம்பு. தோல் நசுங்கியதும் தெரியவில்லை. லண்டன் திரும்பியபோது இருக்கையில் புண். அந்தப் புண்ணுக்காக ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கும் மேலாக, ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்துக் கிடந்தார். இனித் தன் கதிரையை வேறொருவர் கையில் கொடுப்பதில்லை என்று அங்கே முடிவெடுத்தார்.

கிரொய்டனில் ஒரு சட்ட அலுவலகத்தில் வேலை செய்யும் கீர்த்திகா செய்தி கேட்டு அன்று மாலையே வந்துவிட்டாள்.

“அப்பா, திஸ் இஸ் கிரேஸி. மூண்டு மணித்தியால ஃப்ளைட். எயர்லைனோட நான் கதைக்கிறன். எல்லாம் அரேஞ்ச் பண்ணுறன்.”

“போன தரமும் நீ அரேஞ்ச் பண்ணினனிதானே, பிள்ளை. உன்னில ஒரு பிழையும் இல்லை. கதிரையைத் தூக்கி எறிஞ்சவனை நீ எப்பிடி அரேஞ்ச் பண்ணுவாய்?”

“ரெண்டாயிரம் கிலோமீற்றர்,” என்றார் ஜெயகௌரி. “அதுக்குப் பிறகு ராத்திரி முழுக்கக் கப்பல். எனக்குக் கார் ஓடவும் தெரியாது. வழியில உங்களுக்கு ஏதும் எண்டால் நான் என்ன செய்யிறது?”

ஞானேஸ்வரன் தன் தாழ்வான மேசையில் கையை வைத்தார். பிறகு சொன்னார்: “கொரோனா நேரம் லூர்தம்மா செத்தவ. போனுக்குள்ள ஒரு பெட்டி போறதைப் பாத்துக்கொண்டு இந்த மேசையில இருந்தனான். அவவின்ர கையால அஞ்சு வருசம் சாப்பிட்டவன் நான். இப்ப பிள்ளையின்ர கலியாணத்தையும் போனுக்குள்ள பாக்கச் சொல்லுறியளோ? ஏலாது. நீங்கள் ரெண்டு பேரும் வாறதெண்டால் வாங்கோ. இல்லையெண்டால் நான் தனியப் போறன்.”

அவர் குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே இருவருக்கும் விளங்கியது. ஜெயகௌரி ஒரு தொடக்கப் பள்ளியின் சமையலறையில் வேலை செய்கிறார். பள்ளி நடக்கும்போது லீவு கிடையாது. நல்லவேளையாக அந்தக் கிழமை இலையுதிர்கால விடுமுறை. “நான் வாறன்,” என்றார் அவர். கீர்த்திகாவுக்குக் கோபம் தீர இரண்டு நாள் எடுத்தது. மூன்றாம் நாள் வந்து, தனக்கு அலுவலகத்தில் லீவு இல்லை என்று சொல்லி, தகப்பனின் போனில் மணித்தியாலத்துக்கு ஒருமுறை கத்தும்படி அலாரம் வைத்துவிட்டுப் போனாள்.

அலாரம் எதற்கென்றால், ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவர் காரை நிறுத்தி, இரண்டு கைகளையும் ஊன்றி உடம்பை இருக்கையிலிருந்து உயர்த்தி, இரண்டு நிமிடம் அப்படியே பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தோல் தாங்காது. அவர் எட்டுக் கிழமை பயிற்சி எடுத்தார். முதல் ஞாயிறு பிரைட்டன்வரை போய் வந்தார். அடுத்தது போர்ட்ஸ்மத். பிறகு பிரிஸ்டல். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து ஜெயகௌரியிடம் தோலைப் பார்க்கச் சொல்வார். சிவப்பு இல்லை என்றால் அடுத்த கிழமை ஐம்பது மைல் கூட்டுவார்.

கப்பலுக்கு அவரே இத்தாலிய மொழியில் தொலைபேசி எடுத்தார். நேப்பிள்ஸிலிருந்து மாலை புறப்பட்டு விடியப் பலெர்மோ சேரும் கப்பல். சக்கர நாற்காலி நுழையும் அறைகள் அதில் இரண்டே இரண்டு. மூன்று நாள் முயன்றபின் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நாற்காலியின் அகலம் இவ்வளவு. கார் லிஃப்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஓட்டுநர் பக்கத்தில் ஒரு மீற்றர் இடம் வேண்டும். அப்போதுதான் நாற்காலியைக் கதவோடு வைத்து அதற்கு மாற முடியும். எழுதியதை அவர் திரும்ப வாசித்துக் காட்டினார். ஒரு பிழையும் இல்லை.

சனிக்கிழமை விடிய முன்னர் புறப்பட்டார்கள். போக்ஸ்டனில் கடலுக்கடியால் போகும் சுரங்க ரயிலில் காரோடு ஏறி, காருக்குள் இருந்தபடியே பிரான்சுக்குப் போனார்கள். ஜெயகௌரி உறைப்பு ரொட்டியும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். முதல் இரவு ரீம்ஸ் நகருக்கு வெளியே. இரண்டாவது இரவு ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில். நெடுஞ்சாலை ஓரங்களில் அலாரம் கத்தும்போதெல்லாம் ஞானேஸ்வரன் நிறுத்தி, உடம்பை உயர்த்துவார். ஜெயகௌரி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் நிற்கும் லொறிக்காரர்கள் இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று விளங்காமல் பார்த்தார்கள்.

மூன்றாம் இரவு பொலோஞ்ஞாவுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல். ஜெயகௌரி வழக்கம்போலத் தோலைப் பார்த்துவிட்டு, விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து இன்னொரு தரம் பார்த்தார்.

“என்ன?”

“ஒரு சிவப்பு. ரெண்டு ரூபா நாணயக் குத்தியளவு இருக்கும்.”

“அமத்திப் பாரும். வெள்ளையாகி மாறுதோ?”

“மாறேல்லை.” அமத்தியும் நிறம் மாறாத சிவப்பு, புண்ணின் தொடக்கம்.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை நேப்பிள்ஸ் போய் அன்று மாலைக் கப்பல் பிடிப்பது அவர்கள் போட்டிருந்த திட்டம். ஞானேஸ்வரன் பிடிவாதக்காரர்தான், ஆனால் அந்த ஐந்து கிழமையை அவர் மறக்கவில்லை. கப்பல் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, பயணத்தைப் புதன்கிழமைக்கு மாற்றினார். அதிர்ஷ்டவசமாகப் புதன்கிழமை அந்த இரண்டு அறைகளில் ஒன்று இருந்தது. வியாழக்கிழமை இரண்டுமே போய்விட்டன என்று சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை முழுவதும் ஹோட்டல் கட்டிலில் குப்புறப் படுத்துக் கிடந்தார். ஜெயகௌரி பக்கத்தில் இருந்து சாப்பாடு ஊட்டினார்.

“திரும்பிப் போவமோ?” என்று ஒரு தரம் கேட்டார்.

“பாதிக்கு மேல வந்தாச்சு, கௌரி.”

புதன்கிழமை காலை சிவப்பு மங்கியிருந்தது. ஆறு மணிக்குப் புறப்பட்டார்கள். இந்த முறை அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தினார். பத்து மணித்தியாலம் எடுத்தது. மாலை நாலு மணிக்கு, மழைத் தூறலில், நேப்பிள்ஸ் துறைமுகத்தின் வரிசையில் கார் நின்றது. முன்னால் மாடிக் கட்டடம்போலக் கப்பல். அதன் பின்பக்கம் வாயைத் திறந்து இரும்புச் சாய்தளத்தைக் கரையில் போட்டிருந்தது.

கார்களை ஏற்றும் நேரம் வந்தபோது, மஞ்சள் மேற்சட்டை போட்ட ஒரு கப்பல் தொழிலாளி பட்டியலில் எண்ணைப் பார்த்து, இவர்களைத் தனியாக அழைத்துப் போனார். சொன்னபடியே செய்திருந்தார்கள். லிஃப்டுக்குப் பக்கத்தில், கப்பலின் வலது சுவரோரமாக ஒரு இடம். அவர் கையைக் காட்டிக் காட்டி, காரைச் சுவரோடு ஒட்ட நிறுத்தச் செய்தார். இடது பக்கத்தில் ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகவே விட்டு, அடுத்த வரிசையில் ஒரு வான் வண்டி வந்து நின்றது. தொழிலாளி திருப்தியோடு இடது பக்கக் கதவைத் திறந்தார்.

அங்கே ஜெயகௌரி இருந்தார்.

தொழிலாளியின் முகம் மாறியது. ஆங்கிலக் காரில் ஸ்டியரிங் வலது பக்கம். ஓட்டுநரின் கதவுக்கும் இரும்புச் சுவருக்கும் இடையில் நாலு விரல் இடம்தான் இருந்தது. ஞானேஸ்வரனும் அப்போதுதான் கவனித்தார். தொலைபேசியில் ‘ஓட்டுநர் பக்கம்’ என்று சொன்னாரே தவிர, அது எந்தப் பக்கம் என்று சொல்ல அவருக்கும் தோன்றவில்லை.

பின்னால் வந்த வாகனங்கள் ஹோர்ன் அடித்தன. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு அதிகாரி வேகமாக வந்தார்.

“சொன்னபடி ஒரு மீற்றர் விட்டிருக்கிறோமே,” என்றார் அவர் இத்தாலிய மொழியில்.

“விட்டிருக்கிறீர்கள். என் மனைவிக்கு,” என்றார் ஞானேஸ்வரன் அதே மொழியில்.

“இந்தப் பக்கமாக நகர்ந்து வர முடியாதா?”

ஞானேஸ்வரன் நடுவில் இருந்த கியர்ப் பெட்டியைக் காட்டினார். தோலில் காயம் வரத் தொடங்கிய இடத்தை அதன்மேல் இழுத்துக்கொண்டு வருவது நடக்காத காரியம். அதிகாரி யோசித்தார்.

“இரண்டு பேர் தூக்கி இறக்குவார்கள். ஒரு நிமிட வேலை.”

“எட்டு வருடத்தில் என்னைத் தூக்கியவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். அவர்களில் இரண்டு பேர் என்னைக் கீழே போட்டிருக்கிறார்கள். வேண்டாம்.”

“அப்படியென்றால் நீங்கள் கரைக்கு இறங்கி நாளைக்குத்தான் வர வேண்டியிருக்கும். கப்பலைத் தாமதப்படுத்த முடியாது.”

“நாளைக்கு எனக்கு அறை இல்லை. இரவெல்லாம் கதிரையில் இருக்க என் உடம்புக்கு ஏலாது. வெள்ளிக்கிழமை கல்யாணம். நான் இறங்க மாட்டேன்.”

ஜெயகௌரிக்கு இத்தாலிய மொழி மறக்கவில்லை. “இஞ்சாருங்கோ, அவங்களோட ஏன் சண்டை? தூக்கட்டுமே ஒருக்கா,” என்றார் மெதுவாக.

“ஒருக்கா இல்லை, கௌரி. விடியப் பலெர்மோவில ஆர் என்னைத் தூக்கி இதுக்குள்ள வைக்கிறது? எல்லாரும் தங்கட தங்கட காரை எடுக்க ஓடுவினம். கொஞ்சம் பொறும்.”

அவர் கண்ணாடிகளில் முன்னும் பின்னும் பார்த்தார். டூட்டிங் கடைகளின் பின்சந்துகளில் பன்னிரண்டு வருடம் வான் ஓட்டியவருக்கு வழி தெரிந்தது. கண்ணாடியை இறக்கி, மஞ்சள் சட்டைத் தொழிலாளியைக் கூப்பிட்டார். இந்த முறை அவர் பேசியது பள்ளிக்கூட இத்தாலியன் அல்ல. பல்லரோச் சந்தை மீன்காரர்களின் பேச்சு.

“அண்ணை, காரை வெளியில எடுத்துத் திருப்பி, பின்பக்கமா உள்ளுக்குக் கொண்டுவந்தால் என்ர கதவு எந்தப் பக்கம் வரும்?”

தொழிலாளி சுவரையும் காரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு விரலால் காற்றில் காரைத் திருப்பிப் பார்த்தார். பெரிதாகச் சிரித்தார். “நீ எந்தத் தெரு?”

“சந்தைக்குப் பின்னால. பதின்மூன்று வருசம்.”

தொழிலாளி அதிகாரியிடம் திரும்பி வேகமாக ஏதோ சொன்னார். அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். “அப்படி யாரும் நிறுத்துவதில்லை,” என்றார். “நாற்பது மீற்றர் பின்பக்கமாக வர வேண்டும். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் வான்கள்.”

“எனக்கு ஐந்து நிமிடம் தாருங்கள். எங்கேயாவது உரசினால் நானே கரைக்கு இறங்கிப் போய்விடுகிறேன்.”

அதிகாரி சம்மதித்தார். வரவிருந்த வாகனங்களைச் சாய்தளத்துக்குக் கீழேயே நிறுத்தி வைத்தார்கள். ஜெயகௌரியை இறங்கச் சொன்னார் ஞானேஸ்வரன். அவர் இறங்கி, லிஃப்டின் கதவோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

ஞானேஸ்வரன் காரைக் கப்பலின் வாய்வரை பின்னே எடுத்துக் கரையில் இறக்கினார். மழையில் ஒரு வட்டம் அடித்துத் திருப்பி, பின்பக்கத்தைக் கப்பலுக்குக் காட்டி நின்றார். ஒரு கை இரும்புப் பிடியில், மறுகை குமிழில். சாய்தளம் ஈரமாக வழுக்கியது. பிடியை மயிரிழை மயிரிழையாக இழுத்தார். கார் பின்னோக்கி மேலே ஏறியது. உள்ளே விளக்குகள் மஞ்சளாக மங்கியிருந்தன. மஞ்சள் சட்டைக்காரர் பின்னால் நின்று இரண்டு கைகளையும் உயர்த்தி, வா, வா என்று விரல்களை அசைத்தார். இப்போது சுவர் இடது பக்கம். அந்தப் பக்கக் கண்ணாடியை மடக்கிவிட்டிருந்தார்கள். அதில் எதுவும் தெரியாது. தொழிலாளியின் விரல்களை மட்டும் நம்பி வந்தார். இருபது மீற்றரில் பிடியைத் தள்ளி நிறுத்தினார். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு மீண்டும் இழுத்தார்.

தொழிலாளி கையை முஷ்டியாக மூடினார். கார் நின்றது. சுவருக்கும் காருக்கும் நாலு விரல். வலது பக்கத்தில் ஒரு மீற்றருக்கு மேல். ஒரு கீறல் இல்லை.

ஞானேஸ்வரன் தன் கதவை அகலத் திறந்தார். ஜெயகௌரி நாற்காலியைக் கொண்டுவந்து ஒட்ட வைத்தார். அவர் கைகளை ஊன்றித் தன்னைத் தானே தூக்கி அதில் இருந்தார். அதிகாரி லிஃப்டின் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கப்பல் துறைமுகத்தைத் தாண்டியதுமே கடல் தன் குணத்தைக் காட்டியது. ஒக்டோபர் கடல். அறைக்குள் கட்டில் ஏறி இறங்கியது. ஞானேஸ்வரனுக்கு ஒன்றும் செய்யவில்லை; ஜெயகௌரிக்குத்தான் தலை சுற்றி வயிற்றைப் பிரட்டியது. குளியலறைக்குள் போய் வாந்தி எடுத்தவர் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். அந்தக் குளியலறை நாற்காலி போகக்கூடியதாகக் கட்டப்பட்டது. ஞானேஸ்வரன் உள்ளே போய், நாற்காலியின் சக்கரச் சில்லுகளைப் பூட்டிவிட்டு, குனிந்து அவருடைய நெற்றியைப் பிடித்தார். முகம் கழுவிவிட்டார். தண்ணீர் மிடறு மிடறாகக் கொடுத்தார். எட்டு வருடமாக அவரைப் பார்த்துக்கொண்டவர் ஜெயகௌரி. இன்றைக்கு முறை மாறியிருந்தது.

“இந்தக் கப்பல்ல இனி என்ர வாழ்க்கையில ஏறமாட்டன்,” என்றார் ஜெயகௌரி கண்ணை மூடிக்கொண்டு.

“ஏற வேண்டாம். இப்ப படுத்துக்கொள்ளும்.”

“நீங்கள் சரியாத்தான் ரிவேர்ஸ் எடுத்தனீங்கள். நான் கும்பிட்டுக்கொண்டு நிண்டனான்.”

அவர் தூங்கும்வரை ஞானேஸ்வரன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு தானும் கட்டிலுக்கு மாறிக் குப்புறப் படுத்தார்.

விடியும்போது கடல் அடங்கிவிட்டது. சன்னலில் பலெர்மோவின் மலை சாம்பல் நிறத்தில் நின்றது. பின்பக்கமாக வந்து நின்ற காருக்கு ஒரு நன்மையும் இருந்தது: மூக்கு வாசலைப் பார்த்தபடி இருந்ததால், கதவு திறந்ததும் முதலில் இறங்கிய கார்களில் அதுவும் ஒன்று. துறைமுக வேலிக்கு வெளியே ஒரு நரைத்த மனிதர் குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். ஞானேஸ்வரன் இருபது வருடத்துக்குப் பிறகு செபமாலைமுத்துவைப் பார்த்தார். கடைசியாகப் பார்த்தபோது அவருடைய தலை கறுப்பு.

செபமாலைமுத்து கார் சன்னலுக்குள் தலையை விட்டார். “டேய், நீ உண்மையா வந்திட்டியேடா.”

“வாறனெண்டு சொன்னனான்தானே, மச்சான்.”

ஞானேஸ்வரன் அவருடைய நரைத்த தலையைத் தன் தோளோடு அணைத்துக்கொண்டார். பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கும்வரை அப்படியே இருந்தார்கள்.

பல்லரோ பக்கத்தில் இருக்கும் பழைய தேவாலயத்தில்தான் கல்யாணம் என்று ஞானேஸ்வரன் நினைத்திருந்தார். லூர்தம்மா ஒவ்வொரு ஞாயிறும் போன இடம் அது. அதன் வாசலுக்குப் பதினொரு படி. வரும் வழியெல்லாம் அந்தப் படிகளைப் பற்றித்தான் அவருக்கு யோசனை. அன்று மத்தியானம் பிரீத்தாவிடம் கேட்டார்.

“படியில எப்பிடி ஏறுறதெண்டு பாக்கோணும், பிள்ளை. பலகை கிலகை ஏதும் கிடைக்குமோ?”

பிரீத்தா அவருக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தொன்பது வயது, ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி. “படி இல்லை, பெரியப்பா,” என்றாள். “நீங்கள் வாறனெண்டு மெசேஜ் போட்ட அண்டைக்கே நான் சேர்ச் மாத்திட்டன். இது கொஞ்சம் தூரம். வாசல் ரோட்டு மட்டத்தில இருக்கு. நானே போய் அளந்து பாத்தனான்.”

“அம்மா போன சேர்ச்சை விட்டிட்டோ?”

“அம்மா இருந்திருந்தால் அவதான் முதல்ல மாத்தச் சொல்லியிருப்பா.”

ஞானேஸ்வரன் குனிந்து அவளுடைய தலையில் கை வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி. தேவாலய வாசலில் பிரீத்தாவுக்கு ஒரு பக்கம் செபமாலைமுத்து நின்றார். மற்றப் பக்கம் வரும்படி அவள் ஞானேஸ்வரனைக் கூப்பிட்டாள். அவர் தயங்கினார். சில்லுகளைத் தள்ள அவருக்கு இரண்டு கையும் வேண்டும்; அவளுடைய கையைப் பிடிக்க முடியாது. அவள் ஒரு கையைத் தகப்பனின் முழங்கையில் கோத்து, மறுகையை ஞானேஸ்வரனின் தோளில் வைத்தாள். மூவரும் நடுப்பாதையால் போனார்கள், அவர் சில்லைத் தள்ளுகிற வேகத்தில். முன்வரிசையில் ஜெயகௌரி போனை உயர்த்திப் பிடித்திருந்தார். அதற்குள் கீர்த்திகா, கிரொய்டன் அலுவலகத்தின் படிக்கட்டில் இருந்து பார்த்துக்கொண்டு அழுதாள்.

இனிக் கப்பலில் ஏறமாட்டேன் என்ற சொல்லை ஜெயகௌரி காப்பாற்றினார். ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் லண்டன் வந்து திங்கட்கிழமை பள்ளிச் சமையலறையில் நின்றார். ஞானேஸ்வரன் தோல் முழுதாக ஆறும்வரை இன்னும் இரண்டு கிழமை பலெர்மோவில் தங்கினார். திரும்பும்போது துணைக்குச் செபமாலைமுத்து வந்தார். ஒரு கிழமை லண்டனில் நிற்பதாகப் பேச்சு. ஞானேஸ்வரன் கப்பல் அலுவலகத்துக்கு முன்கூட்டியே தொலைபேசி எடுத்து, ஸ்டியரிங் வலது பக்கம் என்று இரண்டு தரம் சொன்னார். எந்தச் சிக்கலும் இல்லாமல் ஏற்றினார்கள்.

அந்த மாலை கடல் அமைதியாக இருந்தது. மேல்தளத்துக்குப் போகும் வாசலில் ஒரு சாண் உயர இரும்புத் தடுப்பு. செபமாலைமுத்து பின்னால் பிடிக்க, ஞானேஸ்வரன் முன்சில்லுகளை உயர்த்தி, இரண்டு உந்தலில் அதைத் தாண்டினார். இருவரும் கைப்பிடிச் சுவரோரம் வந்தார்கள். தீவு பின்னால் போய்க்கொண்டிருந்தது.

“லூர்தம்மாவுக்குக் கடைசியில என்ன நடந்ததெண்டு நீ எனக்குச் சொல்லேல்லை,” என்றார் ஞானேஸ்வரன்.

“போனில அதை எப்பிடிச் சொல்லுறது?”

“இப்ப சொல்லு.”

செபமாலைமுத்து சொன்னார். அம்புலன்ஸ் வந்தது, தன்னைக் கூட ஏற்றாதது, ஆஸ்பத்திரி வாசலில் பதினொரு நாள் போய் நின்றது, ஒரு தாதி கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கையைக் காட்டியது எல்லாம் சொன்னார். ஐந்து வருடமாக அவர் யாரிடமும் முழுதாகச் சொல்லாதது. சொல்லி முடிந்தபோது காற்றுக் குளிர்ந்திருந்தது. செபமாலைமுத்து தன் ஜாக்கெட்டைக் கழற்றி நண்பரின் மடியில் போட்டார். உணர்ச்சி இல்லாத கால்களுக்குக் குளிர் தெரியாது என்பது அவருக்கு நினைவில்லை. ஞானேஸ்வரன் அதைச் சொல்லவும் இல்லை.

ஐந்தாம் நாள் பின்னேரம் கார் நோர்பரி வீட்டு வாசலில் வந்து நின்றது. ஜெயகௌரி கதவைத் திறந்தார். முதலில் கணவரின் தோலைப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. பிறகுதான் இருவருக்கும் சோறு போட்டார்.